மறப்பது மக்குத்தனம் அல்ல: மூளை எப்படிக் கற்கிறது என்று மாணவர்களுக்குக் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி விடைத்தாளோடு என் மேசை அருகே வந்து நின்றாள். 25-க்கு 7. கூடவே அறிவியல் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தாள். ஒளி பாடத்தின் ஒவ்வொரு வரியிலும் மஞ்சள் ஹைலைட்டர். சில பத்திகளில் அதன் மேல் பச்சையும் ஏறியிருந்தது. "ஆறு தடவை படித்தேன் சார். எனக்கு மூளையே கிடையாது" என்றாள். அழவில்லை. ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் சொல்வதுபோல அதைச் சொன்னாள்.

அவள் பொய் சொல்லவில்லை, ஆறு தடவை படித்துத்தான் இருக்கிறாள். படித்த விதம் அவளை ஏமாற்றிவிட்டது. ஒன்பது ஆண்டுகளாக அவளுக்கு விசை, செல், அமிலம் என்று எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்த நாங்கள், எதைக் கொண்டு அவள் கற்கிறாளோ அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பாடவேளைகூடச் சொன்னதில்லை. "நன்றாகப் படி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை மாதங்களில் வாரத்துக்கு ஒரு பாடவேளையை இதற்காக ஒதுக்குகிறேன். எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எந்தப் பாட ஆசிரியரும் இதை நடத்தலாம். பாடம் தேங்கிவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. செலவான பாடவேளைகள் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டன, ஏனென்றால் அதே பாடத்தை மூன்று தடவை நடத்தும் வேலை குறைந்தது.

தொடங்கும் முன்: ஆசிரியர் கைவிட வேண்டியவை

முதலில் நம் மண்டையில் இருக்கும் சில நம்பிக்கைகளை இறக்கி வைக்க வேண்டும். நாம் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பது தவறு. உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதமே இருக்கும் மூளை, உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு அவ்வளவு தீனி தேவைப்படாது. இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று பிள்ளைகளைப் பிரிப்பதற்கும் ஆதாரம் இல்லை.

பயிற்சி முகாம்களில் நாம் அதிகம் கேட்டது, "இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள்" என்ற பிரிவினை. ஹரால்ட் பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் இதற்கான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அவரவர் பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் அதிகம் கற்பார்கள் என்று காட்டப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. படம், பேச்சு, செய்முறை எல்லாம் எல்லாருக்கும் வேண்டும். "நான் கேட்டுக் கற்பவன்" என்று நம்பிவிட்ட பையன் புத்தகத்தைத் தொடாமல் இருப்பதற்கு நாமே காரணம் ஆகிவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "மூளை வளரும், முயன்றால் முடியும்" என்று வெறுமனே பேசினால் பலன் மிகக் குறைவு. அமெரிக்காவில் ஏறக்குறைய 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பாடம்தான். பின்தங்கிய மாணவர்களின் சராசரி, 4-க்கு மதிப்பிடும் அவர்களுடைய அளவையில், 0.1 புள்ளி உயர்ந்தது. செலவைப் பார்த்தால் இது நல்ல பலன், ஆனால் மந்திரம் அல்ல. நம்பிக்கையைக் கொடுத்த கையோடு படிக்கும் முறையையும் கொடுக்க வேண்டும். முறை இல்லாத நம்பிக்கை அடுத்த தேர்வில் உடைந்துவிடும், அப்போது அந்தப் பிள்ளை முன்னைவிட மோசமாக நொந்துபோகும்.

படி 1: கண்ணாடியும் நட்சத்திரமும்

முதல் பாடவேளையில் மூளையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஜூன் மாதம் வகுப்பு தொடங்கியதும் ஒரு துண்டுத்தாளில், "போன ஆண்டு படித்தது ஏன் மறந்துபோனது?" என்ற கேள்விக்கு ஒரு வரி எழுதி வாங்கி, பத்திரமாக எடுத்து வையுங்கள். அது கடைசியில் வேண்டும்.

பிறகு, இரண்டு பேருக்கு ஒரு சிறிய கண்ணாடி. வளையல் கடையில் கிடைக்கும். தாளில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றை இரட்டைக் கோட்டில் வரைந்துகொள்ளச் சொல்லுங்கள். இரு கோடுகளுக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் இடைவெளி போதும். கண்ணாடியைத் தாளுக்கு எதிரே நிறுத்தி, கை நேராகத் தெரியாதபடி பரீட்சை அட்டையால் மறைக்க வேண்டும். கண்ணாடியை மட்டும் பார்த்து, இரு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டி நட்சத்திரத்தைச் சுற்றி வர வேண்டும். பக்கத்தில் இருப்பவர் நேரத்தையும், கோடு தாண்டிய தடவைகளையும் குறித்துக்கொள்வார்.

முதல் சுற்றில் வகுப்பே சிரிக்கும். மூலை வந்ததும் பென்சில் அப்படியே நின்றுவிடும். மேலே போக நினைத்தால் கை கீழே போகும். நுனி நடுங்கி, ஒரே இடத்தில் கிறுக்கலாகச் சேரும். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவனும் அங்கே மாட்டிக்கொண்டு நிற்பான். கடைசி பெஞ்சில் இருப்பவர்களுக்கு அது கண்கொள்ளாக் காட்சி. விடாமல் பத்துத் தடவை செய்யச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒருவனுக்கு முதல் தடவை மூன்று நிமிடம் ஆனது. பத்தாவது தடவை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது கேளுங்கள்: அதே கை, அதே கண், அதே கண்ணாடி. எது மாறியது? பதிலை அவர்களே சொல்வார்கள். "உனக்கு மூளை மாறும்" என்று நாம் சொல்லிக் கேட்பதற்கும், தன் தாளில் பத்து எண்கள் இறங்கிவருவதைத் தானே பார்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்த நட்சத்திரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பு நோய்க்காக 1953-இல் மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கு நீக்கப்பட்டது. அதன் பிறகு புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு இந்த நட்சத்திரப் பயிற்சியைக் கொடுத்தார். நாளுக்கு நாள் அவர் கை தேறிக்கொண்டே வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் "இதை நான் இதற்கு முன் செய்ததே இல்லை" என்ற நிலைதான். கைப்பழக்கம் ஒரு வழியில் பதிகிறது, பாடத்தில் படிக்கும் செய்தி வேறு வழியில் பதிகிறது என்று இதிலிருந்து தெரியவந்தது. மாணவர்கள் இந்தக் கதையை மூச்சுவிடாமல் கேட்பார்கள்.

அடுத்து நரம்பு செல்லை கரும்பலகையில் வரையுங்கள். மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும் இணைப்புகள், கூடச் சேர்ந்து வேலை செய்யச் செய்ய வலுப்படும், பயன்படாதவை தளரும். தரிசு நிலத்தில் ஒற்றையடிப் பாதை எப்படி விழுகிறது என்று கேளுங்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். யாரும் அதை வெட்டி வைக்கவில்லை, நடந்து நடந்து விழுந்தது. ஒரு மழைக்காலம் யாரும் நடக்காவிட்டால் புல் மூடிவிடும், ஆனால் அடுத்த தடவை நடக்கும்போது தடம் சீக்கிரம் புலப்படும்.

நேரம் இருந்தால் லண்டன் டாக்சி ஓட்டுநர்களைப் பற்றியும் சொல்லுங்கள். உரிமம் வாங்க அவர்கள் நகரின் நடுப்பகுதியில் ஏறக்குறைய 25,000 தெருக்களை மனத்தில் ஏற்ற வேண்டும்; மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். 2011-இல் கேத்தரின் வூலெட்டும் எலனார் மக்வயரும் வெளியிட்ட ஆய்வில் பயிற்சிக்கு வந்தவர்கள் 79 பேர், தேறியவர்கள் 39 பேர். தொடக்கத்தில் எல்லாருடைய மூளைப் படமும் ஒன்றுபோலவே இருந்தது. முடிவில், தேறியவர்களுக்கு மட்டும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெருத்திருந்தது.

படி 2: சின்னப் பலகை

இது சுருக்கமான பாடம். நான்கு இலக்கங்களை வாசியுங்கள், எழுதிவிடுவார்கள். ஏழு இலக்கம் வாசித்தால் பாதிப் பேர் தடுமாறுவார்கள். பன்னிரண்டு வாசித்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்: 1, 9, 4, 7, 1, 9, 5, 0, 1, 9, 6, 9. பிறகு அதையே கரும்பலகையில் 1947, 1950, 1969 என்று எழுதுங்கள். விடுதலை, குடியரசு, மதராஸ் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்ற ஆண்டு. பன்னிரண்டு மூன்றாகிவிட்டது, இனி வீட்டுக்குப் போனாலும் மறக்காது.

ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைக்கக்கூடியது ஏழு என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். நெல்சன் கோவன் 2001-இல் அதை நான்காகக் குறைத்தார். எப்படிப் பார்த்தாலும் மனத்தின் இந்தப் பலகை சின்னது. வாய்ப்பாடு தெரியாத பிள்ளை இருபடிச் சமன்பாட்டில் திணறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல, 7 × 8 என்ன என்று தேடும்போதே பலகை நிரம்பிவிடுகிறது. மனப்பாடத்தையே பழிக்கும் இன்றைய வழக்கம் எனக்கு உடன்பாடு இல்லை. வாய்ப்பாடும் தனிம வரிசையும் வாயில் நின்றால்தான் யோசிக்க இடம் கிடைக்கும். மடியில் ஒளிரும் கைப்பேசியும் இதே பலகையில்தான் கிறுக்குகிறது என்பதை இந்த இடத்தில் சொன்னால் எடுபடும். தனி அறிவுரையாகச் சொன்னால் எடுபடாது.

படி 3: மறதியை அளந்து பார்ப்பது

பொருளில்லாத பத்துச் சொற்களைக் கரும்பலகையில் எழுதுங்கள்: பூநெ, ஞிது, வைகெ, தெழொ, இப்படி. ஐந்து நிமிடம் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லி அழித்துவிடுங்கள். பாடவேளை முடியும்போது ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை எழுதச் சொல்லி, வகுப்பின் சராசரியை வரைபடத் தாளில் குறியுங்கள். கோடு சரிவதை வகுப்பே சேர்ந்து பார்க்கும். எல்லாருக்கும் சரிகிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

ஜெர்மனியில் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் இதைத் தன்மேலேயே செய்துபார்த்து 1885-இல் வெளியிட்டார். மறந்ததை மறுபடி படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதே அவர் வைத்த அளவுகோல். இருபது நிமிடத்தில் மிச்சம் 58 சதவீதம், ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த அளவுகோலில் ஒரு ஆறுதல் இருக்கிறது: ஒரு மாதம் கழித்து "அடியோடு மறந்துவிட்டது" என்று நினைப்பதையும் மறுபடி படித்தால் முதல் தடவையைவிட விரைவில் ஏறும். மறதிக்குப் பயந்து புத்தகத்தைத் திறக்கவே கூசும் பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

படி 4: புத்தகத்தை மூடுதல்

மற்ற படிகளில் எதையாவது விட்டாலும் இதை விடாதீர்கள். மஞ்சள் பூசிய அந்தப் புத்தகத்துக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

வகுப்பை இரண்டாகப் பிரித்து, யாருக்கும் தெரியாத ஒரு பக்கப் பத்தியைக் கொடுங்கள். முதல் பாதி அதை நான்கு தடவை படிக்கட்டும். இரண்டாம் பாதி ஒரு தடவை படித்துவிட்டு, தாளைக் கவிழ்த்து நினைவில் வந்ததை எழுதட்டும். மறுபடி படிக்காமல், எழுதுவது மட்டும் மூன்று தடவை. முடிந்ததும் இரு சாராரிடமும் "ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும்?" என்று கேட்டு எண்ணைக் குறித்து வாங்குங்கள். படித்தவர்கள் தெம்பாக எழுதுவார்கள். எழுதிப் பார்த்தவர்கள் முகம் தொங்கிப் போயிருக்கும்.

ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் இதைத்தான் செய்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு தடவை படித்தவர்கள் 83 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். ஒரு தடவை படித்து மூன்று தடவை நினைவுகூர்ந்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்து முதல் சாரார் 40-க்கு விழுந்தார்கள். இரண்டாம் சாரார் 61. உங்கள் வகுப்பின் எண்கள் இவ்வளவு அழகாக வராமல் போகலாம், முப்பது நாற்பது பேரில் ஏற்ற இறக்கம் இருக்கும். மறைக்காமல் கரும்பலகையில் எழுதி, அவர்களோடு சேர்ந்து யோசியுங்கள்.

ஏன் இப்படி? பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி நான் இதைச் சொல்கிறேன்: அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அத்தை வீட்டுக்கு இருபது தடவை போயிருப்பாய். வழி தெரியுமா என்றால் தெரியும் என்பாய். ஒரு நாள் தனியாக சைக்கிளில் போ, இரண்டாவது திருப்பத்திலேயே நின்றுவிடுவாய். திரும்பத் திரும்பப் படிப்பது பின்னால் உட்கார்ந்து போவது. புத்தகத்தை மூடி யோசிப்பது தானே ஓட்டுவது. அந்தத் திருப்பத்தில் நின்று "இடமா, வலமா" என்று திணறும் கணத்தில்தான் பாதை பதிகிறது.

திணறினால் "மண்டையில் ஏறவில்லை" என்று நினைத்து, நம் பிள்ளைகள் உடனே புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். கண்முன் எழுத்து இருக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும், அந்த நிம்மதிக்காகவே மறுபடி மறுபடி படிக்கிறார்கள். இது எல்லா ஊரிலும் உண்டு: 2009-இல் அமெரிக்காவில் 177 கல்லூரி மாணவர்களைக் கேட்டபோது 84 சதவீதத்தினர் மறுபடி படிப்பதைத் தங்கள் வழியாகச் சொன்னார்கள், நினைவுகூர்ந்து பார்ப்பதைச் சொன்னவர்கள் 11 சதவீதமே. ஜான் டன்லோஸ்கியும் குழுவினரும் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது அடிக்கோடு இடுவதும் மறுபடி படிப்பதும் கீழ்த்தட்டில் நின்றன. தன்னைத் தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே நின்றன.

வழக்கமாக்குவது எப்படி? ஒவ்வொரு பாடவேளையின் முதல் ஐந்து நிமிடம் வெற்றுத்தாள். நேற்று நடந்த பாடத்தில் நினைவுக்கு வருவதை நீலப் பேனாவில் எழுத வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறையும் சிவப்புப் பேனாவில் சேர்க்க வேண்டும். சிவப்புதான் அன்றைய வீட்டுப்பாடம். திருத்தம் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் தவறான நினைவே உறுதிப்பட்டுவிடும்.

இந்தத் தாளுக்கு மதிப்பெண் போடாதீர்கள், பதிவேட்டில் ஏற்றாதீர்கள், பெற்றோரிடம் காட்டாதீர்கள். முதல் ஆண்டு நான் மதிப்பெண் போட்டேன். இரண்டே வாரத்தில் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதத் தொடங்கிவிட்டார்கள், காரணம் என் பேனா. மதிப்பெண்ணை நிறுத்திய பிறகுதான் சிவப்பு மை கூச்சமில்லாமல் ஓடியது.

படி 5: இடைவெளியும் கலவையும்

மறதிக் கோட்டை மறுபடி எடுத்து, எந்த இடத்தில் மறுபடி நினைவுகூர்ந்தால் சரிவு நிற்கும் என்று மாணவர்களையே கேளுங்கள். படித்த மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று நான் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த நாள்களில் புனிதம் ஒன்றுமில்லை. கொஞ்சம் மறந்த பிறகு தேட வேண்டும் என்பதுதான் கணக்கு. நோட்டின் பின்பக்கத்தில் பாடத்தின் பெயரும் நான்கு தேதிகளும் எழுதி, முடிந்ததை அடித்தால் போதும்.

கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அளவியல் பாடத்தில் உருளைக்குப் பத்துக் கணக்கு, பிறகு கூம்புக்குப் பத்து, பிறகு கோளத்துக்குப் பத்து என்று போகிறோம். பிள்ளைக்கு எந்தச் சூத்திரம் என்று யோசிக்கும் வேலையே இல்லை, தலைப்பே சொல்லிவிடுகிறது. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல் இதே போன்ற கன அளவுக் கணக்குகளை வைத்துப் பார்த்தார்கள். பயிற்சியின்போது ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் கலந்து போட்டவர்கள் 63, தனித்தனியாகப் போட்டவர்கள் வெறும் 20. பொதுத்தேர்வு வினாத்தாளில் எந்தக் கணக்கின் தலையிலும் பாடத்தின் பெயர் இருப்பதில்லை. சூத்திரம் புரிந்த பிறகு பயிற்சியைக் கலந்து கொடுங்கள். வகுப்பு முனகும், முனகட்டும்.

படி 6: தூக்கம், வீடு

ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924-இலேயே காட்டினார்கள்: படித்துவிட்டுத் தூங்கியவர்கள், அதே நேரம் விழித்திருந்தவர்களைவிட அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. நாமோ இரவு பதினொன்றரைவரை படிக்கவைத்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்புகிறோம். விடியற்காலைப் படிப்பு நல்லதுதான், இரவு எட்டு மணிக்கே தூங்கிவிடுகிற பிள்ளைக்கு. பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லும்போது முணுமுணுப்பு வரும். சொல்லத்தான் வேண்டும்.

ஒரே அறை உள்ள வீட்டில், தொலைக்காட்சிக்கு நடுவே படிக்கும் பிள்ளைகள் என் வகுப்பில் பாதிப் பேர். அவர்களுக்கு இந்த முறை கூடுதலாகக் கைகொடுக்கிறது. நினைவுகூர்வதற்கு மேசை வேண்டாம், விளக்கு வேண்டாம். பஸ்ஸுக்கு நிற்கும்போது செய்யலாம், தண்ணீர் பிடிக்கும்போது செய்யலாம். பள்ளிக்கூடமே போகாத அம்மாவும் "இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குப் புரியும்படி சொல்" என்று கேட்கலாம். பிள்ளை சொல்லிக்கொண்டே வந்து எங்கே நிற்கிறதோ, அதுதான் சிவப்பு மை.

எச்சரிக்கை ஒன்று. முயற்சி மட்டுமே எல்லாம் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். கரும்பலகை சரியாகத் தெரியாத கண், காலையில் சாப்பிடாத வயிறு, ரத்தசோகை, எழுத்தையும் ஒலியையும் இணைக்கத் திணறும் வாசிப்புக் குறைபாடு, வீட்டில் நடக்கும் சண்டை, இவற்றில் எதற்கும் வெற்றுத்தாள் மருந்தல்ல. ஒரு பிள்ளை இரண்டு மாதம் உண்மையாகச் செய்தும் தேறவில்லை என்றால், குறையைப் பிள்ளையிடம் தேடாமல் இந்தப் பட்டியலில் தேடுங்கள்.

படி 7: அந்தத் துண்டுத்தாள்

காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும், ஜூனில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜூன் தாள்களில் எனக்கு வந்தவை: "எனக்கு ஞாபகசக்தி இல்லை", "நான் மக்கு", "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கணக்கு வராது". அக்டோபரில் வந்தவை: "ஒரே நாளில் படித்தேன்", "மூடிப் பார்க்கவில்லை", "நான்கு தேதிகளில் மூன்றாவதை விட்டுவிட்டேன்". மஞ்சள் புத்தகக்காரி "வேதிச் சமன்பாட்டை எழுதிப் பார்க்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்" என்று எழுதினாள். அந்தத் தேர்வில் அவளுக்கு 25-க்கு 14.

ஒருவன் மட்டும் ஜூனில் எழுதிய "நான் மக்கு" என்ற அதே இரண்டு சொற்களை அதே எழுத்துப்பிழையோடு மறுபடி எழுதியிருந்தான். நட்சத்திரம் வரைந்த அன்று அவன் பள்ளிக்கு வரவில்லை என்பதை வருகைப்பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை மதிய உணவு இடைவேளையில் ஒரு கண்ணாடியையும் பரீட்சை அட்டையையும் எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.